தோசியேயில் எட்டாம் வகுப்பு

பிரெஞ்சு அரசாங்கத்தின் கோப்பில் நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நிறுத்தியவர் என் அப்பா. பெண்பிள்ளைகள் படித்துக் கிழிக்க ஒன்றுமில்லை என்பது அவருடைய எண்ணமாம். இவ்வளவும் என்னுடைய கையெழுத்தோடு இருக்கிறது.

உண்மையில் நான் யாழ்ப்பாணத்தில் கம்பஸுக்குப் போனவள். விஞ்ஞான பீடத்தில் இரண்டு வருடம் இரசாயனவியலும் கணிதமும் பௌதிகமும் புள்ளிவிபரவியலும் படித்தேன். மூன்றாம் வருடம் தொடங்குவதற்குள் நாட்டை விட்டு ஓட வேண்டி வந்தது. ஏன் ஓடினேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அதற்கென்று அகதி அலுவலகத்தில் ஒரு தோசியே இருக்கிறது. இங்கே கோப்பு என்று யாரும் சொல்வதில்லை, தோசியே என்றுதான் சொல்வோம். அந்தத் தோசியேயில் ஓடிய கதை அவ்வளவும் உண்மை. படிப்புக் கதைதான் பொய்.

அப்பா கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். நான் கம்பஸுக்குப் போன இரண்டு வருடமும் தன் சைக்கிளில் எனக்குப் பக்கத்திலேயே ஓடி வருவார். சென்றிப் பொயின்ரில் என் பையைத் தானே திறந்து, புத்தகங்களைத் தானே ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார். ஆமிக்காரன் கை என் கொப்பியில் படக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். என்னை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிப் போய்க் கடையைப் பிந்தித் திறந்து, வரிசையில் நிற்கிற சனத்திடம் பேச்சு வாங்குவார். அந்த மனுசனைத்தான் நான் பெண்பிள்ளையைப் படிக்கவிடாத தகப்பனாக ஆக்கி வைத்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஒன்பதின் கடைசியில் பாரிசுக்கு வந்தேன். வந்த கிழமையே ஊர்க்காரர் என்னை அகதிக் கேஸ் எழுதுகிற அண்ணையிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். ரூ பிலிப்-து-ஜிரார் என்கிற தெருவில் ஒரு போன் கடைக்கு மேல் அவருடைய அறை. ஒரு மேசை, ஒரு பிரிண்டர், வந்தவர்கள் இருக்க இரண்டு பிளாஸ்டிக் கதிரை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். பகலில் கேஸ் எழுதுவார், பின்னேரம் ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவப் போவார். பிரெஞ்சு அவருக்குக் கரைத்துக் குடித்த பாடம். பாரிசில் எங்கடை சனம் கூடுகிற லா சப்பலில் பாதிப் பேருடைய கதை அவருடைய கையெழுத்தில்தான் இருக்கிறது என்று சொல்வார்கள்.

என்னுடைய கதையை முழுதாகக் கேட்டு எழுதினார். பிறகு படிப்புக்கு வந்தார்.

“எதுமட்டும் படிச்சனீங்கள், பிள்ளை?”

“கம்பஸ், அண்ணை. ரெண்டு வருசம்.”

பேனையை மேசையில் வைத்தார். “அது வேண்டாம்.”

“ஏன் அண்ணை?”

“படிச்ச பிள்ளையெண்டால் கொழும்பிலை போய் ஒரு வேலை எடுத்துக்கொண்டு இருக்கலாம்தானே, ஏன் இஞ்சை வந்தனீ எண்டு கேப்பினம். அதுக்கு என்ன மறுமொழி சொல்லுவீர்?”

அவர் மறுபடி பேனையை எடுத்தார்.

“எட்டாம் வகுப்பு. வீட்டிலை தையல். தகப்பன் மறிச்சவர். தனிய வெளியிலை போய்ப் பழக்கமில்லை. காணும்.”

“அப்பா மறிக்கேல்லை அண்ணை.”

“மறிக்கேல்லை எண்டால் ஏன் எட்டாம் வகுப்போடை நிண்டனீர்? காரணம் ஒண்டு வேணுமெல்லோ. ஒரு வசனம்தான், பிள்ளை. கொப்பர் என்ன இஞ்சை வந்து வாசிக்கப் போறாரே?”

கையெழுத்து வைத்தேன். நேர்முகத்தில் கேட்டபோது அதையே ஒப்புவித்தேன். பத்து வருட வதிவிடக் கார்ட் வந்தது. அந்த வசனத்தால் வந்ததா, அது இல்லாமலும் வந்திருக்குமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அது தெரியாததுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

இதில் நான் மட்டும் விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். லா சப்பல் மெத்ரோவில் இறங்கி, ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் ஒரு பத்து நிமிடம் நடந்தால் போதும். மரக்கறிக் கடையில் நிற்கிறவர் ஊரில் ஓவசியர். நகைக்கடையில் கணக்குப் பார்க்கிறவர் பட்டதாரி. தோசியேயைத் திறந்தால் எல்லோரும் தோட்டக்காரர், கடற்றொழிலாளி, அஞ்சாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு. அந்தத் தோசியேகளை மட்டும் வாசித்த பிரெஞ்சுக்காரன் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடமே இருக்கவில்லை என்றுதான் நினைத்திருப்பான். ரிசல்ட் என்ன என்று கேட்காமல் ஒரு பிள்ளைக்கும் கல்யாணம் பேசாத சனம் நாங்கள்.

எனக்கும் அப்படித்தான் பேசினார்கள். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் ஒரு சம்பந்தம் வந்தது. பெடியன் ரெஸ்ரோறன்ரில் சமைக்கிறவர், நல்ல மாதிரி, ஆனால் விசா இல்லை, கேஸ் இரண்டு தரம் றிஜெக்ட். அவருடைய அம்மா, பிறகு எனக்கு மாமியானவ, லண்டனில் இருந்து பெண் பார்க்க வந்தவ. “பிள்ளை கம்பஸ் எண்டு சொல்லினம், அத்தாட்சி ஏதும் இருக்கே?” என்று என் முகத்துக்கு நேரேயே கேட்டா. தன் மகனுக்கு விசா இல்லை என்பது அவவுக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை.

நான் ஊருக்குப் போன் எடுத்தேன். அப்பா கம்பஸ் அலுவலகத்துக்கு மூன்று தரம் அலைந்து, வரிசையில் நின்று, என்னுடைய இரண்டு வருட மார்க்ஸ் விபரத்தை முத்திரையோடு வாங்கினார். வாங்கினதோடு விடவில்லை. ரவுணுக்குக் கொண்டு போய் லமினேட் பண்ணி, நடுவில் மடிபடாமல் இரண்டு மட்டைக்குள் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினார். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பாடமாக வாசித்தா. புள்ளிவிபரவியலில் ஏ. இரசாயனவியலில் ஏ. “ம்ம், பறவாயில்லை” என்றா. பிரான்சில் என் மார்க்ஸை முறைப்படி பரிசீலித்து ஏற்றுக்கொண்ட ஒரே அதிகாரி என் மாமிதான்.

கல்யாணம் முடிந்து, என்னுடைய கார்ட்டைக் காட்டித்தான் அவருக்கும் கார்ட் எடுத்தோம். அதை இங்கே சொல்லி வைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

எனக்குப் படிப்பு விடவில்லை. சாரிக் கடையில் நின்று சேலை விரித்துக் காட்டிக்கொண்டு எத்தனை வருடம் இருப்பது? ஆனால் எட்டாம் வகுப்புக்காரி நேரே எங்கேயும் போய்ச் சேர முடியாது. பள்ளிக்கூடம் முடிக்காத பெரியவர்களுக்கென்று ஒரு நுழைவுச் சான்றிதழ் இருக்கிறது. பின்னேர வகுப்பு, ஒரு வருடம். அங்கே பின்னத்தைக் கூட்டுவது எப்படி என்று எனக்குச் சொல்லித் தந்தார்கள். நானும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த மாலி நாட்டுப் பெண் எனக்கு விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, இன்னொரு தரம் பொறுமையாகச் சொல்லித் தந்தாள். நல்ல பிள்ளை. அவளுக்கு நன்றி சொன்னேன்.

அதற்குப் பிறகு பே.தே.எஸ். என்கிற இரண்டு வருடத் தொழிற்படிப்பு. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்வதற்கான படிப்பு. கிழமை நாளில் படிப்பு, சனி ஞாயிறில் சாரிக் கடை. இரண்டாயிரத்துப் பதினாறில் முடித்தேன். பயிற்சிக்குப் போன பரிசோதனைக் கூடத்திலேயே என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கே பொறுப்பாக இருந்த மதாம் ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னா. தரக் கட்டுப்பாட்டைப் பார்க்கிறவர் அடுத்த கோடையில் ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்குப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும், நீ அதற்குள் லிசான்ஸ் முடித்தால் உனக்குத்தான் தருவேன், அதற்கு மேல் என்னால் காத்திருக்க முடியாது என்றா. லிசான்ஸ் மூன்று வருடம். பே.தே.எஸ். முடித்தவர்களை நேரே மூன்றாம் வருடத்தில் எடுப்பதும் உண்டு. அப்படி எடுத்தால் சரியாக ஒரே வருடம்.

பல்கலைக்கழகத்துக்குத் தோசியே போட்டேன். கூப்பிட்டார்கள். கவுண்டரில் இருந்த பெண் நல்ல மனுசி, சிரித்த முகம்.

“உங்களுடைய தொழிற்பாடங்கள் எல்லாவற்றையும் குழு ஏற்றுக்கொண்டிருக்கிறது, மதாம். பொதுப்பாடங்கள்தான் குறைகிறது” என்றாள். கணிதம், பௌதிகம், புள்ளிவிபரவியல், எழுத்துப் பயிற்சி, இரண்டாவது அந்நிய மொழி. தொழிற்படிப்பில் இருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்கள் இவற்றை ஒரு வருடம் படித்துவிட்டுத்தான் மூன்றாம் வருடத்துக்குப் போகலாம். மொழியையும் எழுத்துப் பயிற்சியையும் வேண்டுமானால் மூன்றாம் வருடத்தோடு சேர்த்துப் படிக்கலாமாம். மற்ற மூன்றும் கட்டாயம் முதலிலேயே முடித்திருக்க வேண்டும்.

என் முகம் சுருங்கினதைப் பார்த்திருப்பாள். “உங்கள் நாட்டில் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு ஏதாவது படித்திருக்கிறீர்களா? இந்த மூன்று பாடங்களுக்கும் அத்தாட்சி இருந்தால், மொழிபெயர்ப்பித்துக் கொண்டு வாருங்கள். விலக்குத் தருவார்கள். அடிக்கடி தருகிறார்கள்.”

கணிதம், பௌதிகம், புள்ளிவிபரவியல். வீட்டில் அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே மூன்றும் லமினேட் பண்ணி இருந்தது.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். என் கணவர் வேலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டு நின்றார். “காட்டிப் பாரன், என்ன நடக்கப் போகுது” என்றார். கதவடி வரைக்கும் போனவர் திரும்பி வந்து, “எதுக்கும் அந்த அண்ணையை ஒருக்காக் கேள்” என்றார். அவருக்கும் பயம். அவருடைய கார்ட் என்னுடைய கார்ட்டில்தான் நிற்கிறது.

ஏழு வருடத்துக்குப் பிறகு அதே அறை. பிளாஸ்டிக் கதிரையும் அதே. அண்ணைக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கோப்பை கழுவி விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. மார்க்ஸ் தாளை அவருக்கு முன்னால் போட்டேன். வைத்தேன் என்று சொல்ல மாட்டேன், போட்டேன்.

எடுத்து வாசித்தார். மாமியைப் போலத்தான் ஒவ்வொரு பாடமாக வாசித்தார். ஆனால் புள்ளிவிபரவியலில் நிறுத்தி, “இதுக்கு ஏ எடுக்கிறது லேசில்லை. நிகழ்தகவுப் பகுதி ஆர் படிப்பிச்சது?” என்று கேட்டார்.

“அண்ணைக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?”

“நான் கணக்கு வாத்தி, பிள்ளை. ஏ.எல். வகுப்புக்கு. இருவது வருசம்.”

“உங்கடை தோசியேயிலை?”

“தோட்டக்காரன். அஞ்சாம் வகுப்பு.” தாளை என் பக்கம் மெல்லத் தள்ளினார். “நான்தான் எழுதினது. முதல் எழுதின கேஸ் என்ரை சொந்தக் கேஸ்.”

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். வாய்க்கு வந்தபடி பேசினேன். உங்களை நீங்கள் குழிக்குள் இறக்கினால் எங்களையும் சேர்த்து இறக்க வேண்டுமா, என்னை எட்டாம் வகுப்பு ஆக்க நீங்கள் யார், என் அப்பா உங்களுக்கு என்ன செய்தார் என்று கேட்டேன். கீழே போன் கடையில் பாட்டு நின்றது.

“நீங்கள்தானே எழுதினீங்கள்” என்று முடித்தேன்.

“ஓம். நீர்தானே கையெழுத்து வைச்சனீர்” என்றார்.

பிறகு நான்தான் கேட்டேன். “இதைக் காட்டினால் என்ன நடக்கும்?”

“ஒண்டும் நடக்காமலும் விடலாம். யூனிவர்சிட்டிக்காரனுக்கும் அகதி அலுவலகத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் நாளைக்குப் பிரெஞ்சு நஷனாலிட்டிக்குப் போடுவீர். அப்ப முழுத் தோசியேயும் ஒரு மேசைக்கு வரும். ஒண்டிலை எட்டாம் வகுப்பு, ஒண்டிலை கம்பஸ். பொய் சொல்லி எடுத்த கார்ட் எண்டு புடுங்கினால், உம்மடையும் போகும், மனுசன்ரையும் போகும்.” வெடித்த விரலால் தாளின் ஓரத்தைத் தட்டினார். “நான் காட்டு எண்டும் சொல்லமாட்டன், காட்டாதை எண்டும் சொல்லமாட்டன். ஒருக்கால் சொன்னது காணும்.”

மற்ற நாள் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். நம்பர் எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். மார்க்ஸ் தாள் பைக்குள் இருந்தது. கையை விட்டு விட்டுத் தொட்டுப் பார்த்தேன். லமினேட் பண்ணின மூலை கூராக இருக்கும், விரலில் குத்தும். என் நம்பர் வந்தது. அதே சிரித்த முகம். “கொண்டு வந்தீர்களா?” என்று கேட்டாள். அவள் மேசையில் என் கார்ட்டின் பிரதி கிடந்தது. அகதி என்று அதில் எழுதியிருந்ததை அவள் பேனையால் கோடிட்டிருந்தாள். ஏன் கோடிட்டாள் என்று எனக்குத் தெரியாது. சும்மா கோடிட்டிருப்பாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

“இல்லை மதாம். நான் ஊரில் எட்டாம் வகுப்புத்தான்” என்றேன்.

“அப்படியிருந்தும் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்களே” என்று சொல்லிப் பொதுப்பாட வருடத்துக்கான படிவத்தை எடுத்துத் தந்தாள்.

பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு ஒரு வருடம் இருந்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெட்டை முதல் நாள் என்னை விரிவுரையாளர் என்று நினைத்து எழும்பி வணக்கம் சொன்னாள். நான் ஏற்கெனவே பாஸ் பண்ணின பாடங்களை மறுபடி முதல் பக்கத்தில் இருந்து படித்தேன். படித்தேன் என்றும் சொல்ல முடியாது, தெரியாத மாதிரி இருந்தேன். அதுதான் கஷ்டம். புள்ளிவிபரவியல் விரிவுரையாளர் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டுத் திரும்புவதற்கு முதல் எனக்கு விடை வந்துவிடும். இரண்டு தரம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மூன்றாம் தரம் அவர் வகுப்பு முடிய என்னை நிறுத்தி, “இதை முன்பே எங்கேயோ படித்திருக்கிறீர்கள்” என்றார். “இன்டர்நெட்டில் பார்த்தேன்” என்றேன். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. பரீட்சையில் ஒரு கணக்கை வேண்டுமென்றே பிழையாகச் செய்தேன். இதைவிடக் கேவலமான வேலையை நான் என் வாழ்க்கையில் செய்ததில்லை.

இரண்டாவது அந்நிய மொழிக்கு ஸ்பானிஷ் எடுத்தேன். தமிழ் எனக்குத் தாய்மொழி, அதனால் கணக்கில் வராது. ஆங்கிலம் முதலாவது. நான் சிங்களமும் பேசுவேன், ஆனால் அதற்கு அங்கே வகுப்பில்லை. நான்கு மொழி வாயில் இருக்கிற ஒருத்தி, பொது அறிவு போதாது என்று ஐந்தாவது மொழியில் ஒன்று இரண்டு மூன்று எண்ணிக்கொண்டு இருந்தேன்.

அந்த வருடம் முழுக்க அப்பா போனில் ஒரே கேள்விதான் கேட்டார். “நான் அனுப்பின பேப்பரைக் காட்டினியே? எடுத்தவையே?” ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், வெளிநாட்டு யூனிவர்சிட்டிகள் எங்கடை கம்பஸை மதிப்பதில்லை என்று. அது அவருக்குப் பெரிய காயம். நான் எப்படி உண்மையைச் சொல்வது? உண்மையைச் சொன்னால் எட்டாம் வகுப்பைச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பைச் சொன்னால் மறித்தவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும்.

“எடுத்தவை அப்பா. நேரை மூண்டாம் வருசம்” என்றேன்.

“பாத்தியே, நான் சொன்னனான்தானே” என்றார். சங்கக்கடையில் அவரோடு வேலை செய்த எல்லோருக்கும் சொல்லி முடித்துவிட்டார்.

அடுத்த கோடை வந்தது. நான் பட்டம் எடுத்திருக்க வேண்டிய கோடை. அப்பா முடிஞ்சுதோ என்று கேட்டார். இனித்தான் மூன்றாம் வருடம் தொடங்கப் போகிறது என்று எப்படிச் சொல்வது? பெயில் விட்டிட்டன் அப்பா, திரும்பப் படிக்கவேணும் என்றேன். வாழ்க்கையில் ஒரு பரீட்சையிலும் பெயில் விடாதவள் சொல்லிய பொய் அது. அப்பா, “அதுக்கென்ன பிள்ளை, வேலையும் செய்து படிக்கிறது லேசே, அடுத்த முறை பாத்துக்கொள்ளலாம்” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

தரக் கட்டுப்பாட்டு இடத்தை இருபத்துநான்கு வயதுப் பெண் ஒருத்திக்குக் கொடுத்தார்கள். மதாம் சொன்ன சொல்லில் நின்றவ, அவவில் பிழையில்லை. நான் அதற்கு அடுத்த வருடம் லிசான்ஸ் முடித்தேன். நல்ல புள்ளிகள். அந்தப் பெண் இன்றைக்கும் அந்தக் கதிரையில் இருக்கிறாள். அவளுக்குப் புள்ளிவிபரத்தில் சந்தேகம் வந்தால் எழும்பி என்னிடம்தான் வருகிறாள். நானும் சொல்லிக் கொடுக்கிறேன்.

பிறகு நஷனாலிட்டிக்குப் போட்டோம். அகதிக் கார்ட்டோடு ஊருக்குப் போக முடியாது. அப்பாவைப் பார்த்துப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. பாஸ்போர்ட் வந்தால் போகலாம். அண்ணை சொன்னபடியே முழுத் தோசியேயும் கேட்டார்கள். படிவத்தில் ஒரு பெட்டி இருந்தது: பிறந்த நாட்டில் பெற்ற கல்வி. இந்த முறை எழுதித் தர யாரும் இருக்கவில்லை, தேவையும் இருக்கவில்லை. எட்டாம் வகுப்பு என்று நானே எழுதினேன். பழைய வாக்குமூலத்தின் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கிழமை பாடமாக்கினேன். ஒரு சொல் மாறக்கூடாது. பஸ்ஸிலும் ரெயினிலும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். அந்த ஒரு வசனத்தைத்தான் அதிகம் சொல்லிப் பார்த்தேன், ஏனென்றால் அதில்தான் எனக்கு நாக்கு தடக்கியது.

நேர்முகம் செய்தவர் மரியாதையான மனுசன். தோசியேயைப் புரட்டிப் புரட்டி வாசித்தார். ஒரு பக்கத்தில் எட்டாம் வகுப்பு, இன்னொரு பக்கத்தில் பல்கலைக்கழகப் பட்டம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“எட்டாம் வகுப்போடு வந்து இந்த நிலைக்கு வந்திருக்கிறீர்கள், மதாம். எங்களுடைய பள்ளிக்கூடங்கள் இதற்காகத்தான் இருக்கின்றன. இதைப் பார்க்க எனக்கு மிகவும் சந்தோஷம்” என்றார். பிறகு கேட்டார். “உங்களை ஏன் படிக்கவிடவில்லை?”

“என் அப்பாவுக்குப் பெண்பிள்ளைகள் படிப்பது பிடிக்காது” என்றேன்.

தடக்கவில்லை. ஒரு கிழமைப் பயிற்சி. அவர் தலையை ஆட்டி, கவலையோடு ஏதோ எழுதிக்கொண்டார். இரண்டாம் தரமாக அது எழுத்தில் ஏறியது.

வெளியில் வந்து லா சப்பலுக்கு வந்து இறங்கினேன். மெத்ரோப் பாலத்துக்குக் கீழே சனம் வழக்கம்போல நின்றது. போன் அடித்தது. வாட்ஸ்அப்பில் அப்பா. அங்கே பின்னேரம். சேர்ட் போட்டுத் தலை வாரிக்கொண்டு இருந்தார், நேர்முகம் தனக்கென்ற மாதிரி.

“என்ன பிள்ளை, சரியே?”

“ஓம் அப்பா. சரிவரும் போலை.”

“என்ன கேட்டவன்?”

“படிப்பைப் பற்றிக் கேட்டவர்.”

முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டு வந்தார். “நான் அனுப்பினது உதவினதே?”

“ஓம் அப்பா. அதாலைதான் எல்லாம்.”

“பாத்து என்ன சொன்னவன்?”

“கொப்பர் நல்லாப் படிப்பிச்சிருக்கிறார் எண்டு சொன்னவர்” என்றேன்.

அப்பா கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது, படம் தெளிவில்லை. பிறகு சிரித்துக்கொண்டு, “அதை அவன் சொன்ன மாதிரியே பிரெஞ்சிலை ஒருக்காச் சொல்லு பாப்பம்” என்றார்.

அந்த அதிகாரி சொல்லாததை நான் எங்கே இருந்து எடுப்பது? பிரெஞ்சில் ஒரு வசனம் தேடினேன். ஒரு கிழமையாக வாய்க்குள் கிடந்தது ஒன்றுதான், அதுதான் வந்தது. காலையில் அந்த மேசைக்கு முன்னால் சொன்னதைச் சொன்னேன். என் அப்பாவுக்குப் பெண்பிள்ளைகள் படிப்பது பிடிக்காது.

“கேக்க வடிவாத்தான் இருக்கு” என்றார் அப்பா. உள்பக்கம் திரும்பி அம்மாவைக் கூப்பிட்டார். “இஞ்சை ஓடிவாரும், என்னைப் பற்றிப் பிரெஞ்சுக்காரன் சொன்னதைக் கேளும்.” அம்மா வந்து பக்கத்தில் நிற்கும் வரைக்கும் காத்திருந்துவிட்டு, “இன்னொருக்காச் சொல்லு பிள்ளை” என்றார்.

சொன்னேன்.